பெண் அழைப்புக் காரில் ஒரு சலைன் பாட்டில்

எண்பதுகளின் கடைசி. ஆவடி பக்கம் கோவில்பதாகையில் எங்கள் வீடு. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த என் தங்கைக்கு கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் பெண் அழைப்பு, மறுநாள் காலையில் முகூர்த்தம். பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரை அவளை அப்பாவின் பழைய காரில் அழைத்துப் போவதாக ஏற்பாடு. ஷிப்ட் முடிந்து வந்தால் அப்பா அந்த வண்டிக்கு அடியில்தான் கிடப்பார். மாப்பிள்ளை வீட்டார் கார் அனுப்புகிறோம் என்றதற்குக்கூட, "என் பொண்ணு என் வண்டியிலதான் வருவா" என்று சொல்லிவிட்டார்.

பெண் அழைப்பு அன்று காலையில் வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தவருக்கு, பானெட்டுக்கு உள்ளேயும் பளபளவென்று இருக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ரேடியேட்டரில் பொங்கும் தண்ணீரைப் பிடித்து வைக்கிற கண்ணாடிப் புட்டியைக் கழற்றி, சூடு ஆறுவதற்குள் குழாயடியில் காட்டினார். பச்சைத் தண்ணீர் பட்டதும் படீர்!

மற்ற நாளென்றால் எப்படியாவது சமாளித்திருப்போம். பெண் அழைப்பில் வண்டி பேண்டு செட்டுக்குப் பின்னால் நடை வேகத்தில் ஊர வேண்டும். இன்ஜின் கொதிக்காமல் இருக்காது. பொங்குகிற தண்ணீர் புட்டியில் சேர்ந்து திரும்ப உள்ளே போகாவிட்டால், நடுத்தெருவில் பெண்ணோடு நின்றுவிடும். இதற்கு நடுவில் அம்மாவுக்கு வேறு பயம். கல்யாண வீட்டில் கண்ணாடி உடைந்தது பெண் காதுக்குப் போகவே கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்காத குறை.

நானும் என் கணவரும் ஸ்கூட்டரில் பறந்தோம். அம்பத்தூரில் ஒரு கடை விடவில்லை. மாடலைச் சொன்னாலே சிரித்தார்கள். எனக்குத்தான் கோபம் சுருக்கென்று வருமே, ஒருவரிடம் சண்டையே போட்டேன். பூந்தமல்லியில் பழைய சாமான் கடை வைத்திருந்த பாய் மட்டும் பொறுமையாகக் குவியலைக் கிளறினார். கடைசியில் என் கணவரிடம், "அந்த வண்டி சாமான் எங்க கீது அண்ணாத்தே? லாரி டேங்கு ஒண்ணு கீது, எட்த்துக்கினு போய்ப் பாருங்க" என்றார். கொண்டுவந்து வைத்தால் பானெட் மூடவில்லை.

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "வாடகைக் காரு ஒண்ணு சொல்லிடும்மா" என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

உள்ளே போனால், நலங்கு மஞ்சள் காயாத முகத்தோடு தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாத்தக்கா மறைக்கிறீங்க? மாப்பிள்ளை ஓடிட்டாரா?" அதற்கு மேல் தாங்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். முகம் வாடிவிடும் என்று பார்த்தால், அவள் விரல் விட்டு எண்ணுகிறாள்.

"சூடு தாங்குற கண்ணாடி பாட்டிலு, ரப்பர் மூடி, அதுல ஒரு டியூபு. அவ்ளோதானே? எங்க வார்டுல சலைன் பாட்டில் கொட்டிக் கெடக்குதுக்கா."

நலங்கு வைத்த பெண் வாசல் தாண்டக் கூடாதென்று நான்தான் ஓடினேன். வார்டு ஆயாம்மா விஷயத்தைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். கழுவி வைத்த காலி பாட்டில் இரண்டை எடுத்துக் கொடுத்து, இதுதான் தன்னுடைய மொய் என்று சொல்லச் சொன்னார்.

ரேடியேட்டர் டியூபை ரப்பர் மூடி வழியாகப் பாட்டிலின் அடிவரை இறக்கி, சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி வைத்ததும் பாட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஜன்னலிலிருந்து தங்கை குரல் கொடுத்தாள்: "மூடியில ஒரு ஊசியும் குத்திடுப்பா. காத்துக்கு வழி இல்லன்னா தண்ணி திரும்பாது." டிரிப்ஸ் ஏற்றுகிறவளுக்குத் தெரியாதா? அப்பா மறுபேச்சில்லாமல் குத்தினார்.

சாயங்காலம் அப்பாவே ஓட்டினார். பேண்டு முழங்க வண்டி ஊர்ந்தது. ஊர்வலம் நின்ற இடத்தில் என் கணவர் பானெட்டைத் தூக்கினார். பாட்டிலில் தண்ணீர் குபுகுபுவென்று ஏறிக்கொண்டிருந்தது. தலை குனிந்து உட்கார வேண்டிய கல்யாணப் பெண், மாலையோடு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "மாமா, எந்தக் கோடு வரைக்கும் ஏறிச்சு?" என்றாள். சலைன் பாட்டிலில்தான் அளவுக் கோடு இருக்கிறதே! மாப்பிள்ளை வீட்டார் திருதிருவென்று விழித்தார்கள்.

வண்டி எங்கும் மக்கர் பண்ணாமல் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தது. ஆரத்தி முடிந்து எல்லோரும் உள்ளே போனபிறகும் அப்பா நகரவில்லை. இன்ஜின் ஆற ஆற, பாட்டில் தண்ணீர் கோடு கோடாக இறங்கி ரேடியேட்டருக்கே திரும்பியது. "எறங்குதும்மா" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், அப்படி ஒரு சந்தோஷம்.

அவள் மனசு நோகக் கூடாதென்று ஊரெல்லாம் சுற்றிய நாங்கள் அவளிடம் மட்டும் கேட்கவில்லை. இன்றைக்கும் வீட்டில் யாரிடமாவது ஒரு கெட்ட சேதியை மறைக்கத் தோன்றினால், நேராக அவரிடமே போய்ச் சொல்லிவிடுகிறேன், வழி அவர் கையிலேயே இருக்கலாம் என்ற நம்பிக்கையில்.