காலிப் பூவாளி

புதுச்சேரியில் சித்திரை வெயில். கடலூர் பஸ்ஸுக்கு நேரமிருப்பதால், கடற்கரைப் பக்கத்துத் தெருவில் நிழல் தேடி நடக்கிறேன். பிரெஞ்சுக்காரர் கொடி இறங்கிய பிறகும் தெருப் பலகை இன்னும் பிரெஞ்சில்தான் இருக்கிறது. ஒரு வீட்டின் கம்பிக் கதவுக்குள் தோட்டக்காரர் ஒருவர் செடிக்கு மேல் பூவாளியைச் சாய்த்தபடி நிற்கிறார். அதிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விழவில்லை.

"பூவாளி காலியா இருக்கே?"

"மெதுவா பேசுங்க. மாடியிலேர்ந்து வீட்டுக்கார மதாம் பாக்குறாங்க."

மதாம் கப்பலில் வரவழைத்த ரோஜாக்கள் தொட்டிகளில் காய்ந்த குச்சிகளாக நிற்கின்றன. பூவாளிக்குக் கீழே, சேதராப்பட்டு மேட்டிலிருந்து விதை கொண்டுவந்து போட்டதாக இவர் சொல்லும் ஆவாரை, கிளை தெரியாமல் மஞ்சளாய்ப் பூத்துக் குலுங்குகிறது.

"ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோன்னு சொல்றாங்களே" என்று ரோஜாக்களைக் காட்டுகிறேன்.

"அது மனுசனுக்குச் சொன்னதுங்க. இந்த ஆவாரைக்குத் தெனம் தண்ணி ஊத்துனா வேர் அழுகிடும். ஊத்தலன்னா மதாம் என்னை வேலையை விட்டே அனுப்பிடுவாங்க. அதான் ரெண்டு வேளையும் இப்படி."

அதற்குள் மாடியிலிருந்து மதாமின் குரல் என்னை நோக்கி இறங்குகிறது.

"பாத்தீங்களா மிசியே! காட்டுச் செடிதான். தெனம் தண்ணி ஊத்தி வளத்தா எப்படிப் பூக்குது! கண்ணப்பா, இன்னும் கொஞ்சம் ஊத்து!"

"வுய் மதாம்!"

கண்ணப்பன் பூவாளியை இன்னும் கவிழ்த்து, கடைசிச் சொட்டும் வீணாகக்கூடாது என்பதுபோல, இரண்டு முறை உதறுகிறார்.