அத்தான் பிடித்த சாணை

போட்டிக்கு முந்தின நாள் மாலை, அக்காவின் பனிச்சறுக்குக் காலணிகள் அலமாரியில் இல்லை. நான் அவளுடைய நீல உடையின் கையைப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தேன்.

"உங்க அத்தான் கடைக்கு எடுத்துட்டுப் போயிருக்கார். பாலிஷ் போட்டுத் தரேன்னார்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு கல்யாணக் களை. அந்த மனுஷன் அதுவரை அந்தக் காலணிகளை ஏறெடுத்தும் பார்த்ததில்லை.

அக்கா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடையிலிருந்து கிளம்பும் என்று நாள் முழுக்கச் சொல்வாள். அவள் குரலுக்கு ஊரே மூட்டை முடிச்சோடு ஓடும். வீட்டில் மட்டும் அவள் பேச்சு எடுபடாது. அவளுக்கு நாற்பது வயதானபோது நிலையத்துக்கு எதிர்க் கட்டடத்தின் அடித்தளத்தில் பனி அரங்கு ஒன்றைத் திறந்தார்கள். சும்மா குளுகுளுவென்று உட்கார்ந்துவிட்டு வரப் போனவள், வாடகைக் காலணியை மாட்டிக்கொண்டு, ஓரத் தடுப்பைப் பிடித்தபடி ஒரு சுற்று வந்தாள். அவ்வளவுதான், பித்துப் பிடித்துவிட்டது. ஓட்டுநர்கள் அவளுக்குப் பனிக்கரடி என்று பெயர் வைத்தார்கள். முட்டியெல்லாம் கன்றிப்போய் வீட்டுக்கு வருவாள், மறுநாள் திரும்பவும் போவாள். ஐந்து வருஷத்தில் பின்பக்கமாகச் சறுக்கவும், சுழலவும், அந்தரத்தில் ஒரு சுற்று சுற்றிக் குதிக்கவும் கற்றுக்கொண்டாள். பொழுதுபோக்காக ஆடுகிறவர்களுக்கென்று நடக்கும் போட்டியில் இந்த வருஷம்தான் முதல்முறையாகப் பெயர் கொடுத்திருந்தாள்.

அத்தானுக்குச் சாணைக் கடை. தையல்காரர்களின் கத்தரிக்கோல், உணவகங்களின் கத்தி எல்லாம் அவரிடம்தான் வரும். தொழிலில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அக்கா ஆடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. "கால் ஒடிஞ்சா நான்தானே தூக்கிட்டு அலையணும்" என்பார். போன வாரம் கடைக்கு வந்த ஒரு தையல்காரர், போட்டிச் சுவரொட்டியில் அக்காவின் படத்தைப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து மனுஷன் தலைகீழாக மாறிவிட்டார்.

"பரிசு கிடக்கட்டும்டி. அவர் ஒரு தடவை வந்து நான் ஆடறதைப் பாக்கணும். எனக்கு அது போதும்" என்றாள் அக்கா. எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

மறுநாள் காலை, அரங்கின் உடைமாற்றும் அறையில் ஈரத் தோலும் தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரேயும் கலந்த வாசனை. நான் முதுகுக் கொக்கிகளை மாட்டிக்கொண்டிருந்தேன். பயிற்சி கொடுக்கும் பெண், அக்காவுக்கு மகள் வயதுதான், குனிந்து நிமிரச் சொல்லி உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். அப்போது கதவைத் தட்டிவிட்டு அத்தான் வந்தார். புதுச் சட்டை. கையில் துணியில் சுற்றிய காலணிகள்.

"பிரிச்சுப் பாரு" என்றார்.

காலணிகளின் அடியில் இருந்த இரும்புத் தகடுகள் கண்ணைப் பறித்தன.

"பாலிஷ் மட்டும்னு நினைச்சியா? அடிப்பக்கம் நெடுக நடுவுல பள்ளம் விழுந்திருந்தது, சமமாக்கிட்டேன். முனையில வேற பல்லு பல்லா பிசிறு. இதை வச்சு எப்படித்தான் இத்தனை நாள் ஆடினியோ. ஒண்ணு விடாம தேய்ச்சு வழவழன்னு ஆக்கிட்டேன்."

பயிற்சிக்காரப் பெண்ணின் முகம் செத்துப்போயிற்று. அவள் வாயெடுப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"ரொம்ப நல்லா இருக்குங்க."

"முன் வரிசையில இடம் பிடிச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு அத்தான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார்.

கதவு சாத்தியதும் அந்தப் பெண் தகட்டை விரலால் தடவிப் பார்த்தாள். "அக்கா, இந்தப் பள்ளம் இருந்தாத்தான் ரெண்டு பக்கமும் விளிம்பு பனியைப் பிடிக்கும். குதிக்கும்போது முனையில இருக்கற பல்லைத்தான் ஊனணும். இப்ப ரெண்டுமே இல்ல. இதுல நிக்கறதே கஷ்டம். வாடகை ஷூ எடுத்துட்டு வரேன்."

"வேணாம்மா. அவர் கண்ணு என் கால் மேலேயே இருக்கும்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "இருந்தா இருக்கட்டும். காரியத்தைக் கெடுத்துட்டீங்கன்னு அவர் முகத்துக்கு நேரா சொல்லித் தொலையேன். நீ சொல்லலைன்னா நான் போய்ச் சொல்றேன்."

"சொன்னா இனிமே இந்தப் பக்கமே வர மாட்டார். இன்னிக்குத்தான்டி வந்திருக்கார்." அவள் குனிந்து கயிற்றை இறுக்கிக் கட்டினாள். "குதிக்க மாட்டேன், போதுமா? மெதுவா ரெண்டு சுத்து வந்துட்டு வெளியே வந்துடறேன்."

அவளை அறைந்து உட்கார வைத்திருக்க வேண்டும் என்று இப்போதும் தோன்றுகிறது. அப்போது மீதிக் கொக்கியை மாட்டிவிட்டேன்.

போட்டி தொடங்குவதற்கு முன் ஆட்டக்காரர்களைச் சிறிது நேரம் பனியில் பழக விடுவார்கள். அக்கா இறங்கிய முதல் அடியிலேயே கால் தன்னிஷ்டத்துக்குப் பக்கவாட்டில் போனது. தடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மற்றவர்கள் சர் சர்ரென்று கடந்து போனார்கள். அவர்கள் தகடுகள் பனியைக் கீறும் சத்தம் கேட்டது; அக்காவின் காலடியில் சத்தமே இல்லை.

என் பக்கத்தில் இருந்த அத்தான் அடுத்த இருக்கைக்காரரிடம், "நீலச் சட்டை நம்ம வீட்டுக்காரி. பிளேடு நம்ம கைவேலை. இப்பக் குதிப்பா, பாருங்க" என்றார்.

அக்கா எங்களுக்கு நேரே வந்தபோது அத்தான் எழுந்து நின்று, விரலை மேலே தூக்கிச் சுழற்றிக் காட்டினார். நானும் எழுந்து, அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அக்கா அவரை மட்டும்தான் பார்த்தாள். ஐந்து வருஷத்தில் அவர் அவளைக் கேட்ட ஒரே குதி அது.

திரும்பினாள். வழக்கம்போல முனையைப் பின்னால் ஊன்றினாள். ஊன்ற அங்கே ஒன்றுமில்லை.

அவளைத் தூக்கிக்கொண்டு வந்து ஓரத்தில் படுக்க வைத்தார்கள். இடுப்பு எலும்பு என்று முதலுதவிக்காரர் தணிந்த குரலில் சொன்னார். அத்தான் தன் கையாலேயே அவள் காலணிகளைக் கழற்றினார். தகட்டின் மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"தப்பு என்மேலதான்" என்றார். நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். "இன்னும் கொஞ்சம் சாணை பிடிச்சிருக்கணும். இது போதும்னு விட்டுட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். வலியில் அவள் உதடெல்லாம் வெளுத்திருந்தது.

"அடுத்த தடவையும் வருவீங்கல்ல?" என்று அவரைக் கேட்டாள்.

"வராம? நான்தானே தீட்டித் தரணும்" என்றார் அத்தான்.