அந்த டிக்கெட்டு

திண்டுக்கல்லிலிருந்து குஜிலியம்பாறை போகும் தனியார் பஸ்ஸில் மலைச்சாமி கண்டக்டர். அவர் கண்ணுக்கு உலகத்தில் மனுசர்களே கிடையாது, டிக்கெட்டுகள்தான். "ஏலே, வெள்ளச் சட்ட டிக்கெட்டு, உள்ள போ. படியில என்ன குடித்தனமா நடத்துற?" என்பார். அவர் ஒரு விசில் கொடுத்தால் வண்டி நிற்கும், இரண்டு கொடுத்தால் கிளம்பும். வீட்டில் அவருக்கு அந்தச் செல்வாக்கு இல்லை.

மகள் கீர்த்தனா, இனிகோவைக் காதலித்து சர்ச்சில் கல்யாணம் செய்துகொண்ட அன்றைக்கு அவர் வீம்புக்கு டபுள் டூட்டி பார்த்தார். பஸ் போகிற வழியில்தான் சர்ச். டிரைவர் வேண்டுமென்றே வாசலில் மெதுவாக உருட்டினார். மலைச்சாமி எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, பையில் இல்லாத சில்லறையைத் தேடினார்.

இப்போது மகளும் மருமகனும் ஜெர்மனியில். போன வருசமே தனியாகப் போய்வந்துவிட்ட மனைவி சண்முகவள்ளி, இந்த வருசம் அவரை ஒரு கண்டிசனோடு விமானம் ஏற்றினாள்.

"அந்தப் பிள்ளைய வாய் நெறைய 'மாப்ளே'னு கூப்ட்டுட்டு வாங்க. இல்லையா, அங்கிட்டே இருந்துக்கங்க. இங்க ஒங்களுக்கு ஒலை வைக்க மாட்டேன்."

போய் இறங்கியதிலிருந்து அந்த ஒரு வார்த்தை மட்டும் வாயில் ஏறவில்லை.

"கீர்த்தி, அந்த டிக்கெட்டு சாப்ட்டுச்சா?"

"அப்பா, அவருக்குப் பேரு இருக்கு."

"டிக்கெட்டுக்கு எதுக்கும்மா பேரு?"

ஊர் திரும்புவதற்கு முந்தின சனி, ஞாயிறில் பக்கத்து நாட்டுப் பிராக் நகரத்தைச் சுற்றிக்காட்ட ரயிலில் கூட்டிப்போனார்கள். பழைய கடிகாரக் கோபுரத்தின் கீழே ஊரே அண்ணாந்து நின்றது. "அம்புட்டுப் பேரும் நின்னு மணி பாக்குறானுக. ஒருத்தன் கையிலயும் வாட்ச் இல்லையா?" என்றார். குன்றின் மேலிருந்த அரண்மனைக்கு மூச்சு வாங்க ஏறி, "நம்ம மலைக்கோட்டைக்கு வெள்ளையடிச்சா இப்புடித்தான் இருக்கும்" என்றார். இனிகோ குபீரென்று சிரித்தான். மலைச்சாமிக்கும் சிரிப்பு வந்தது. திண்டுக்கல் பேகம்பூரில் வாங்கிய குரங்குக் குல்லாவை இழுத்துவிட்டு அதை மறைத்துக்கொண்டார்.

டிராம் வண்டிதான் அவருக்குப் பொறுக்கவில்லை. "கண்டக்டரே கெடையாதா? அப்ப இதுகளை யாரு வையிறது?"

ஞாயிறு சாயங்காலம் ரயிலைப் பிடிக்க டிராம் ஏறினார்கள். ஏறியதும் மலைச்சாமி தலையைத் தடவினார். "அடடா, குல்லா!"

குல்லா நிறுத்தத்துப் பெஞ்சில் கிடந்தது. இனிகோ சட்டென்று குதித்து ஓடினான். அவன் அதை எடுத்துத் திரும்புவதற்குள் கதவு மூடிக்கொண்டது. வண்டி நகர்ந்தது. "ஐயோ, ரயிலு போயிரும்!" என்று கீர்த்தனா கண்ணாடியைத் தட்டினாள். வெளியே இனிகோ குல்லாவை ஆட்டிக்கொண்டே ஓடிவந்தான்.

மலைச்சாமியின் கை தானாகச் சட்டைப்பையில் எப்போதும் கிடக்கும் விசிலுக்குப் போனது. பிராக் நகரம் அதுவரை கேட்டிராத ஒரு விசில்.

"ஹோல்டான்! ஆள் வருது, ஹோல்டான்! ஓடியாங்க மாப்ளே! பாத்து, பாத்து! ஓடியாங்க!"

டிரைவரம்மா பதறிப்போய் பிரேக் போட்டார். கதவு திறந்தது. இனிகோ இளைக்க இளைக்க ஏறி, குல்லாவை மாமனார் தலையில் மாட்டினான். டிரைவரம்மா திரும்பித் தன் பாஷையில் வைதார். மலைச்சாமிக்கு அந்தப் பாஷை நன்றாகவே புரிந்தது.

கீர்த்தனா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "இப்ப என்னன்னு கூப்ட்டீங்க?"

"டிக்கெட்டுன்னுதான்."

"பொய்யி."

"வண்டி நிக்குது மாமா," என்றான் இனிகோ. "ரைட் குடுங்க."

மலைச்சாமி இரண்டு விசில் கொடுத்தார். டிரைவரம்மா தலையில் அடித்துக்கொண்டு வண்டியை எடுத்தார். மலைச்சாமி குல்லாவைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, கதவோரம் நின்ற வெள்ளைக்காரரைப் பார்த்து அதட்டினார்.

"உள்ள போ, டிக்கெட்டு. மாப்ள நிக்க எடம் விடு."