தலைமேல் சுமந்த சூடு

தெருவில் அவளைப் பெட்டியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கரி போட்ட இஸ்திரிப்பெட்டியோடு இத்தனை வருஷம் மல்லுக்கட்டுகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? துணியிலும் சரி, பேச்சிலும் சரி, சுருக்கம் என்றாலே அவளுக்கு ஆகாது.

விஷக்காய்ச்சல் பரவி ஊரே கதிகலங்கிக் கிடந்தது. எல்லைக் கேட்டை நாளை மூடப்போகிறார்கள், மறுபடி எப்போது திறப்பார்களோ தெரியாது. கேட்டுக்கு அந்தப் பக்கம் அவள் தங்கை நிறைமாதக் கர்ப்பிணி. தாயில்லாத அந்தப் பெண்ணைத் தூக்கி வளர்த்தவள் பெட்டியக்காதான். "நீ பக்கத்துல இல்லாம என்னால முடியாதுக்கா" என்று இரண்டு வாரம் முன்பே போனில் தேம்பியிருந்தாள் தங்கை.

பெட்டியக்கா அன்றைக்கே பயணத்துக்குத் தயாராகிவிட்டாள். தடுப்பூசி போட்டுக்கொண்டாள். அழுக்குத்துணியை வாசல் கூடையில் போட்டுவிட்டு எட்டி நின்று பேசும்படி வாடிக்கையாளர்களுக்கு உத்தரவு போட்டாள். துணி தேய்க்கிற தகரக் கொட்டகையிலேயே சாப்பாடு, படுக்கை. புருஷன்கூட ஜன்னல் வழியாகத்தான் பேச வேண்டும். புறப்படுகிற நாள் காலையில் பரிசோதனை முடிவும் வந்தது, நோய் இல்லை.

"கேட்டுல திருப்பி அனுப்பிட்டா?" என்றார் புருஷன். சைக்கிள் பழுதுபார்க்கும் மனிதர், காற்றிறங்காத டயரைக்கூடச் சந்தேகத்தோடு அமுக்கிப் பார்ப்பவர்.

"யாரை? என்னையா? நல்லா அனுப்புவாங்களே! நீங்க நேரத்துக்குச் சாப்பிடுங்க, அது போதும்."

பிறக்கப்போகிற பிள்ளைக்கு வேண்டிய பழந்துணிகளைக் கொதிநீரில் அலசி வைத்திருந்தாள். வேன் வந்து ஹாரன் அடிக்கிறவரை அவற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சூட்டில் எந்தக் கிருமி பிழைக்கும்? சுடச்சுட அடுக்கி, இறுக்கி மூட்டை கட்டிக்கொண்டு வேனில் ஏறினாள்.

கேட் பக்கத்தில்தான். ஆனால் வரிசை நீளமாக இருந்தது. கண்ட கண்ட கால் பட்ட தரையில் பிள்ளைத் துணியை வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. பழகிய தலைதானே என்று மூட்டையை நெற்றிவரை இறக்கிச் சுமந்தபடி நின்றாள். முறை வந்தது. முகக்கவசம் போட்ட நர்ஸ் நெற்றிக்கு நேரே கருவியை நீட்டினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"காய்ச்சல் இருக்கு. ஓரமா வாங்க."

பின்னால் நின்றவர்கள் துள்ளி விலகினார்கள். பெட்டியக்கா ஓரமாக வந்து நின்றாள். இத்தனை கட்டுப்பாட்டையும் மீறி எப்படி ஒட்டியது? சண்டை போட்டால் வழி கிடைக்கும், அதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் வாயும் வயிறுமாக நிற்கிற தங்கையிடம் நோயைக் கொண்டுபோய்க் கொடுப்பதா? அந்த நினைப்பே அவளுக்குத் தாங்கவில்லை.

மூட்டையை இறக்கி நீட்டினாள். "நிஜமாவே காய்ச்சல்னா என்னை விடாதீங்கம்மா. இதை மட்டும் எப்படியாவது அந்தப் பக்கம் சேர்த்துடுங்க. என் தங்கச்சி பிள்ளைக்கு."

கையுறை போட்ட கையால் வாங்கிய நர்ஸ் திடுக்கிட்டாள். "என்னக்கா இது? அடுப்புலேர்ந்து எடுத்துட்டு வந்தீங்களா?"

பெட்டியக்கா விழித்தாள். பிறகு நெற்றியில் பளாரென்று அடித்துக்கொண்டாள். "அட என் புத்தியே! இதைத்தான் இவ்வளவு நேரம் தலையில வச்சிருந்தேன்!"

நர்ஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நிழலில் உட்காரவைத்து, ஆறப்போட்டு, மறுபடி பார்த்தாள். பச்சை எரிந்தது. சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் பார்த்தாள். பச்சைதான்.

அந்தப் பக்கம் தங்கை இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். சில நாள் தனியறையில் இருந்த பிறகுதான் கிட்டே போகலாம் என்பது சட்டம். பெட்டியக்கா மூட்டையைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் பின்வாங்கினாள். தங்கை அதை எடுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

"அக்கா, உள்ள இன்னும் கதகதன்னு இருக்கு."

"அந்தச் சூடுதான் என்னைத் திருப்பி அனுப்பப் பார்த்துச்சு" என்று அதட்டினாள் பெட்டியக்கா. முகக்கவசம் நனைய அழுதாள். "கெட்டியாப் பிடிச்சுக்கடி. நான் கிட்ட வர்ற வரைக்கும் அதான் உன் அக்கா."