கடைசி ரீல் வராத படம்

படத்துக்குப் போவதே வெளியே வந்து குறை சொல்லத்தான் என்று அம்மா என்னைத் திட்டுவாள். உண்மைதான். கதாநாயகி மூன்று மணி நேரம் அழுதால் எனக்கு அழுகை வராது, எரிச்சல்தான் வரும். எப்படியிருந்தது என்று கேட்டால் சொல்லிவிடுவேன். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன்.

இந்த வாயால் அறுபதுகளின் கடைசியில் எனக்கு இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. மூன்றாவதாக எளாவூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். எங்களைப் போலவே நெல் நிலம் உள்ள குடும்பம். தகப்பனார் காலமாகிவிட்டார். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அக்கா மூன்று பேரும் வந்திருந்தார்கள். "இன்னா கேட்டாலும் தலைய மட்டும் ஆட்டு" என்று சொல்லித்தான் அம்மா காபித் தட்டைக் கையில் கொடுத்தாள். நானும் அப்படித்தான் இருக்க நினைத்தேன். காபி கொடுக்கும்போது அவரைப் பார்த்தேன், பிடித்துவிட்டது.

அவருடைய அம்மா பேச்சுக்குத்தான் கேட்டார். "சினிமாலாம் பாப்பியாம்மா? கடைசியா இன்னா படம் பாத்தே?"

போன வாரம் பொன்னேரிப் பக்கம் டூரிங் கொட்டகையில் பார்த்ததைச் சொன்னேன். குடிகாரப் புருஷனிடம் அடிபடும் ஒருத்தியின் கதை. கடைசியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டைவிட்டுப் போய்விடுகிறாள். உடனே திரையில் தேசிய கீதம். ஆண்கள் பக்கம் ஒரே விசிலும் கூச்சலும். அது என்றைக்கும் உள்ளதுதான். தடுப்புக்கு இந்தப் பக்கம் நாங்கள் புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து நின்றோம். அன்றைக்கு வீடு வரும்வரை நான் ஒரு குறையும் சொல்லவில்லை.

"ரொம்ப நல்ல படம். அவ திரும்பி வரவே இல்ல பாருங்க, அதான் நல்லாருந்திச்சி" என்றேன்.

"திரும்பி வந்துட்றாளே! நான் மெட்ராஸ்ல பாத்தேன். புருஷன் கால்ல வுயுந்து மன்னிப்பு கேக்குறா" என்றார் மாப்பிள்ளை.

"இல்லவே இல்ல. நான் கண்ணால பாத்தேன்."

"நானும் கண்ணாலதாங்க பாத்தேன்."

அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனா இருமி இருமிப் பார்த்தார். நான் விடவில்லை. அவருடைய அம்மா பஜ்ஜியைத் தொடாமல் எழுந்துவிட்டார். சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பிப் போனார்கள்.

அந்த வாரம் முழுக்க நைனா என்னோடு பேசவில்லை. புருஷனை விட்டுப் போனவளைப் புகழ்ந்தவள், அதற்குமேல் பொய்க்காரி என்று எனக்குப் பேராகிவிட்டது. நான் பார்த்தது கனவோ என்று எனக்கே சந்தேகம். அவர் இனி வரமாட்டார் என்று தெரிந்தும், வாசலில் சத்தம் கேட்டால் எட்டிப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரும் அக்காவும் வந்து நின்றார்கள். என்னுடையது பொய் சொல்கிற முகம் இல்லையாம். அதனால் கொட்டகைக்கே போய் ஆபரேட்டரை விசாரித்திருக்கிறார். ஒரே படப்பெட்டியை இரண்டு ஊர்க் கொட்டகைகள் பங்கு போட்டுக்கொண்டு ஓட்டிய காலம் அது. அங்கே ஓடி முடிந்த ரீலை சைக்கிளில் இங்கே கொண்டுவர வேண்டும். அன்றைக்கு வழியில் சைக்கிள் பஞ்சர். கடைசி ரீல் வந்து சேரவில்லை. ஆபரேட்டர் தேசிய கீதத்தைப் போட்டு எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

நைனாவுக்கு உயிர் வந்தது. "பாத்தீங்களா தம்பி, எம் பொண்ணு பொய் சொல்லாது. முழுசா பாத்திருந்தா, திரும்பி வந்ததுதான் சரின்னு அதுவே சொல்லியிருக்கும்."

கதவுக்குப் பின்னால் அம்மா என் கையைக் கிள்ளினாள். பேசாமல் இருந்தால் கல்யாணம், அது எனக்கும் தெரியும். ஆனால் இன்றைக்குத் தலையாட்டினால் ஆயுசுக்கும் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று பயமாக இருந்தது. வெளியே வந்தேன்.

"இல்ல நைனா. முழுசா பாத்திருந்தா கண்றாவிப் படம்னு சொல்லியிருப்பேன்."

நைனா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அவருடைய அக்கா எழுந்து என் பக்கத்தில் வந்தார். "எங்கம்மாவும் அதான் சொல்லிச்சி. எங்கப்பா அடி தாங்காம, என்னியும் இவனியும் இட்டுக்கினு ஒருவாட்டி எளாவூர் ஸ்டேஷன் வரிக்கும் போச்சி. ரயிலு வந்துச்சி. ஏறாம திரும்பிட்டோம். அன்னிக்கு உன் பேச்சக் கேட்டுட்டு வந்து ராவெல்லாம் அய்துச்சி. 'அந்தப் பொண்ணு பாத்த படம்தான்டா நல்லாக்கீது, போயி பொண்ணு கேட்டுக்கினு வாங்க'ன்னு அதான் எங்கள அனுப்பிச்சி."

தை மாதம் கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகு எந்தப் படத்துக்கும் நானும் அவருடைய அம்மாவும்தான் சேர்ந்து போனோம்.