அமாவாசையில் மூடிக்கொண்ட குகை

படகு நின்ற இடத்தில் குகை இல்லை. நேராக ஒரு பாறைச் சுவர், அதன் தலையில் செடிகொடி, அடியில் பச்சைத் தண்ணீர். அவ்வளவுதான். இருபத்தெட்டு பேர் ஆரஞ்சு கலர் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு, செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்தார்கள். நான் கைடு முகத்தைப் பார்த்தேன். அவர் தண்ணீரைப் பார்த்தார்.

பிள்ளைங்களா, உங்க அப்பா என்ன வேலை செய்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால், "ஊர் சுத்தறார்" என்று சொல்கிறீர்களாம். உங்க மிஸ் என்னிடமே சொல்லிச் சிரித்தார். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் ஊர் சுத்துவது வேறு, இருபத்தெட்டு பேரைக் கூட்டிப்போய் இருபத்தெட்டு பேராகவே வீட்டில் விடுவது வேறு. இந்த வேலை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரிய இந்த ஒரு நாளை மட்டும் எழுதுகிறேன். இதில் தப்பு செய்தவன் நான்தான். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

1. தறி நிற்கும் நாள்

நான் பத்தாவது வரை படித்தவன். முதலில் களம்பூர் ரைஸ் மில்லில் லோடு வண்டி ஓட்டினேன். அப்புறம் டூரிஸ்ட் வேன். வேனில் ஏறியவர்களே, "நீயே எல்லாம் பாத்து கூட்டினு போப்பா" என்று சொல்லிச் சொல்லி டூர் நடத்துகிறவனாக ஆக்கிவிட்டார்கள்.

ஆரணியில் டூர் நடத்துகிறவன் முதலில் பார்க்க வேண்டியது ரேட் இல்லை, காலண்டர். நெசவு செய்கிறவர்கள் அமாவாசை அன்று தறியில் உட்கார மாட்டார்கள். மற்ற நாளில் கூப்பிட்டால், "பாவு பாதியில நிக்குதுங்க" என்பார்கள். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் கட்டிய நூல், அதன் குறுக்கே ஓடுவது ஊடை. அமாவாசைக்கு முன்னால் சேலையைத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்துவிட்டால் மனசு லேசாகிவிடும், வருவார்கள். ராமேஸ்வரம், பழனி, கன்னியாகுமரி எல்லாமே அமாவாசையை ஒட்டித்தான் போட்டேன். ஒரு தடவையும் வேன் காலியாகப் போனதில்லை. இதை நான் பெரிய தொழில் ரகசியமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெளிநாட்டு டூர் என்று முதன்முதலாகப் போட்டது தாய்லாந்தில் புக்கெட். ஐந்து நாள். அதில் ஒரு நாள் முழுக்க படகு. காலையில் குகை, அப்புறம் தீவுகள், சாயங்காலம் கரை. நோட்டீஸில் அந்தக் குகைப் படத்தைத்தான் பெரிதாகப் போட்டேன். கடலுக்கு நடுவில் ஒரு மலை. மலைக்கு அடியில் தாழ்வாக ஒரு பொந்து. சின்ன ரப்பர் படகில் அதற்குள் நுழைந்து போனால், உள்ளே ஒரு பெரிய அறை மாதிரி இருக்கும். சுற்றிலும் பாறை, மேலே கூரை இல்லை, வானம்.

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ரேணுகா வந்தார். அவரும் அவர் வீட்டுக்காரர் ஏழுமலையும் ரெண்டு தறி வைத்திருக்கிறார்கள். கல்யாணம் ஆனதிலிருந்து திருப்பதி தாண்டிப் போனதில்லை. நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அண்ணே, இந்த எடத்துக்கு உள்ள போவோம் இல்ல? வெளிய படகுல நின்னுகினு, அதோ பாரு அதான்னு கை காட்டிட்டு வர்றது இல்லியே?"

"உள்ளதாம்மா. நான் பொறுப்பு."

அவர் வந்ததும் அவர் தெருவிலிருந்து பதினோரு பேர் வந்தார்கள். ஆரணியில் காலையில் ஒரு தறிமேட்டில் பேசியது சாயங்காலத்துக்குள் எல்லாத் தறிக்கும் போய்விடும். இந்த பார்ட்டி நல்லபடியாகப் போய் வந்தால் அடுத்த டூருக்கு நான் நோட்டீஸ் அடிக்க வேண்டாம். கெட்டுப்போனால் நோட்டீஸ் அடித்தும் பிரயோஜனம் இல்லை.

சென்னை ஏஜென்ட் போன் செய்து படகை எந்த நாளில் வைக்கலாம் என்று கேட்டார். நிறைஞ்ச அமாவாசை, நல்ல நாள், பெரிய ஐட்டத்தை அன்றைக்கே வையுங்கள் என்றேன். ரெண்டு நாள் கழித்து அவரே மறுபடி கூப்பிட்டார். அந்த ஊர் படகுக்காரர்கள், அன்றைக்கு வேண்டுமானால் குகையை மத்தியானத்துக்கு மாற்றச் சொல்கிறார்கள் என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் தெரியவில்லை. மத்தியானம் சாப்பிட்டால் எல்லோரும் தூங்கி விழுவார்கள், காலையில்தான் வேண்டும், மாற்றவே கூடாது என்று அடித்துச் சொன்னேன். வவுச்சரில் அப்படியே எழுதி வாங்கினேன்.

2. கைடு சொன்னது

இப்போது பாறைக்கு முன்னால் படகு நிற்கிறது. கைடு பெயர் சோம்சாய். எங்க ஆட்கள் முதல் நாளே அவரை சோமு ஆக்கிவிட்டார்கள். அவருக்கும் எனக்கும் இங்கிலீஷ் ஒரே அளவுதான். அதனால் நன்றாகப் புரியும்.

"நோ கேவ் நவ். வாட்டர் டூ ஹை," என்றார். பாறையில் ஓரிடத்தைக் காட்டினார். தண்ணீருக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குக் கறுப்பாக ஒரு கீற்று தெரிந்தது. அதுதான் பொந்தின் மேல் விளிம்பாம். மீதி எல்லாம் தண்ணீருக்குள்ளே.

ஏன் இன்றைக்கு இவ்வளவு தண்ணீர் என்று கேட்டேன். அவர் வானத்தைக் காட்டி, "நியூ மூன்," என்றார்.

நான் குறித்துக் கொடுத்த அதே அமாவாசை. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் ரொம்ப ஏறும், ரொம்ப வற்றும். மீன்பிடிக்கிற ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். நான் நஞ்சை புஞ்சை பார்த்து வளர்ந்தவன். கன்னியாகுமரிக்கு அத்தனை அமாவாசை போயிருக்கிறேன், கரையில் நின்று அலையைத்தான் பார்த்தேன், அளவைப் பார்க்கவில்லை.

அந்த நேரத்தில் ஒரு யோசனை வந்தது. இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சோமு பேசியது யாருக்கும் புரியவில்லை. "கவர்மென்ட் இன்னிக்கு குகைய மூடிட்டாங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். வாய் வரைக்கும் வந்துவிட்டது.

ரேணுகா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். லைஃப் ஜாக்கெட் பட்டையை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பரீட்சை ஹாலில் பேப்பர் கொடுப்பதற்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி. அதைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். இன்றைக்கு அமாவாசை, கடல் ஏறியிருக்கிறது, குகை வாய் தண்ணீரில் மூடிவிட்டது. படகுக்காரர்கள் மத்தியானம் வையுங்கள் என்று முன்னாடியே சொன்னார்கள், நான்தான் கேட்கவில்லை, தப்பு என்னுடையது என்றேன்.

பிறகு ரேணுகா சொன்னார்.

"ஏண்ணே, எங்க தறி நிக்கிற நாள அவ்ளோ கரெக்டா பாத்தீங்களே. கடல ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

முருகேசன் என்று ஒருவர். சேலை டிசைனுக்காகத் தறியில் மாட்டும் அட்டையில் துளை அடிக்கிறவர், எதற்கும் ஒரு பேச்சு வைத்திருப்பார். "கடலுக்கு இன்னிக்கு லீவு இல்ல போல. நமக்குத்தான் லீவு," என்றார். நாலு பேர் சிரித்தார்கள். ரேணுகா சிரிக்கவில்லை.

3. பேரம்

மத்தியானம் எப்போது திறக்கும் என்று சோமுவைக் கேட்டேன். அவர் விரலால் படகு ஓரத்தில் கோடு போட்டு விளக்கினார். இன்று தண்ணீர் எவ்வளவு ஏறியதோ அவ்வளவு இறங்கும். ரெண்டரை மணிக்குப் பொந்து திறக்கும். ஆனால் மூன்றரைக்கு மேல் ரொம்ப வற்றிவிடும், வழியில் சேறும் கல்லும் வந்துவிடும், ரப்பர் படகு தட்டும். நடுவில் ஒரு மணி நேரம்தான். அதற்கு மணல் தீவையும் சாப்பாட்டையும் முன்னால் முடிக்க வேண்டும். கடைசித் தீவை விட்டுவிட வேண்டும். அந்தத் தீவில்தான் கடலுக்குள் ஆணி அடித்த மாதிரி உயரமான ஒற்றைப் பாறை நிற்கிறது. அதன் முன்னால் போட்டோ எடுக்கப் போவதாக முருகேசன் ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்தவர்.

நான் முடிவு செய்யவில்லை. அவர்களையே கேட்டேன். சிலர் பாறை வேண்டும் என்றார்கள். திறக்குமோ திறக்காதோ தெரியாத குகைக்காகத் தெரிந்த தீவை விடுவதா என்றார்கள். அது நியாயமான பேச்சுதான். எல்லோரும் முருகேசனைப் பார்த்தார்கள்.

அவர் ரேணுகாவைப் பார்த்தார். "பாறை தானே. நம்ம தேவிகாபுரம் மலைல இல்லாத பாறையா? குகைக்கே போலாம். ஆனா குகை தொறக்கலன்னா, அண்ணன் ஊருக்கு நீஞ்சித்தான் வரணும்."

மணல் தீவில் இறங்கினோம். அங்கேதான் எனக்கு வேறொரு பேஜார். ஆரணியில் கிணறும் ஏரியும் உண்டு, இப்படிக் கண்ணாடி மாதிரி முட்டிவரை நிற்கிற கடல் கிடையாது. இறங்கியவர்கள் ஏறவே இல்லை. ஏழுமலைக்குத் தண்ணீர் என்றால் பயம். கரையில் செருப்புகளுக்குக் காவலாக நின்றார். பத்து நிமிஷத்தில் அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, குட்டி மீன்கள் காலைக் கடிக்கக் கடிக்க ஒரே இடத்தில் குதித்தார். நான் மூன்று தடவை கூப்பிட்டேன். "வரோம் வரோம்" என்றார்கள், யாரும் வரவில்லை.

ரேணுகாதான் மணலில் நின்று குரல் கொடுத்தார். "எனக்கு குகை போச்சுன்னா, ஊருக்குப் போற வரைக்கும் ஒருத்தருகிட்டயும் பேச மாட்டேன். ஜல்தி ஏறுங்க." முதலில் ஏறியவர் அவர் வீட்டுக்காரர். பின்னாலேயே மற்றவர்கள். எண்ணிப் பார்த்தேன், இருபத்தெட்டு. இத்தனை வருஷ டூர் வேலையில் என் பார்ட்டி சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால் வண்டி ஏறியது அன்றைக்கு மட்டும்தான்.

கடலில் கம்பு நட்டு வீடு கட்டிய ஊர் ஒன்றில் சாப்பாடு. மீன் சாப்பிடாதவர்களுக்கு முட்டைக்கோஸ் பொரியலும் வெறும் சாதமும் வைத்தார்கள். நாங்கள் கொண்டுபோன பருப்புப் பொடியும் ஊறுகாயும் மேஜை மேஜையாகச் சுற்றின. கடைசியில் சோமு தட்டிலும் பருப்புப் பொடிதான் இருந்தது.

4. படுத்துக்கொண்டு போனது

ரெண்டரைக்கு அதே பாறைக்கு முன்னால் வந்தோம். காலையில் ஒரு சாண் இருந்த இடத்தில் இப்போது ஆள் உட்காரும் உயரத்துக்கு வாய் திறந்திருந்தது. பாறை முழுக்கச் சிப்பி ஒட்டி, ஈரமாக, இவ்வளவு நேரம் தண்ணீருக்குள் இருந்தது அப்படியே தெரிந்தது. சோமு என் தோளில் ஒரு தட்டு தட்டினார்.

ஒரு ரப்பர் படகில் ரெண்டு பேர், துடுப்புப் போட ஒருவர். முதல் படகில் ரேணுகாவும் ஏழுமலையும். பொந்துக்குள் போகும்போது மல்லாந்து படுக்கச் சொன்னார்கள், பாறை தலையில் இடிக்கும். "இருவது வருஷமா குழித்தறில உக்காந்தே பழக்கம், படுக்கறது எனக்கு வராதுங்க," என்று ஏழுமலை சொல்லிப் பார்த்தார். ரேணுகா அவர் நெற்றியில் கை வைத்துச் சாய்த்துவிட்டார்.

நான் கடைசிப் படகில் போனேன். உள்ளே இருட்டு. மூக்குக்கு மேலே ஒரு முழத்தில் பாறை ஓடுகிறது. சிப்பி கிழிக்கும், கையை வெளியே நீட்டாதே என்றார்கள். துடுப்புச் சத்தம் மட்டும். திடீரென்று வெளிச்சம் முகத்தில் அடித்தது. எழுந்து உட்கார்ந்தேன். சுற்றிலும் நாலைந்து மாடி உயரத்துக்குப் பாறை, பாறை முழுக்க மரம், மேலே வட்டமாக வானம். அந்த வட்டத்தில் ஒரு பருந்து.

எங்க ஆட்கள் ஒருவரும் படகில் இல்லை. அறையின் ஒரு மூலையில் தண்ணீர் வற்றி ஈர மணல் திட்டு தெரிந்தது. அதில் இறங்கி நின்றிருந்தார்கள். மற்ற நாளில் இந்தத் திட்டு வெளியே வராது, வருகிறவர்கள் படகிலிருந்தே பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று சோமு சொன்னார். அமாவாசை தண்ணீர் இவ்வளவு இறங்குவதால்தான் கால் வைக்க இடம்.

அங்கே ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. தண்ணீர் என்ன கலர் என்று. முருகேசன் மயில் கழுத்து என்றார். ஏழுமலை ராமர் பச்சை என்றார். இருவரும் மணலில் குனிந்து, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து, கடையில் சேலையைப் புரட்டிப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

"ரெண்டும் இல்ல," என்றார் ரேணுகா. "பாவு பச்ச, ஊட நீலம். நேரா பாத்தா ஒண்ணு, சாஞ்சி பாத்தா ஒண்ணு. தறில உக்காந்து எத்தினி வருஷம் ஆவுது, இது தெரியல?"

ரேணுகா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, திட்டின் ஓரத்தில் தனியாகப் போய், கழுத்து வலிக்க வலிக்க மேலே பார்த்துக்கொண்டு நின்றார். போட்டோ எடுக்கட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் பொறுங்கண்ணே என்று கையைக் காட்டினார். அப்புறம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். காலையிலிருந்து அந்தச் சிரிப்புக்குத்தான் நான் காத்திருந்தேன்.

பதினைந்து நிமிஷம்தான். சோமு விசில் அடித்தார். திரும்பி வரும்போது முருகேசன் இருந்த படகு பொந்து வாயில் சேற்றில் தட்டி நின்றது. துடுப்புக்காரர் இறங்கித் தள்ளினார். "அமாவாசை அன்னிக்கு நல்ல நாள்னு கூட்டினு வந்தாங்க, பாரு, வண்டி தள்ற மாதிரி ஆச்சு," என்று முருகேசன் இருட்டுக்குள்ளிருந்து கத்தியது வெளியே இருந்த பெரிய படகு வரைக்கும் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள்.

5. இப்போது எப்படிச் செய்கிறேன்

இப்போதும் அமாவாசையை ஒட்டித்தான் டூர் போடுகிறேன். தறி நிற்கிற நாளை நான் மாற்ற முடியாது. ஆனால் தேதி குறித்த உடனே, போகிற ஊரில் அந்த வேலையைக் கையால் செய்கிறவர் யாரோ, படகோட்டியோ ஜீப் டிரைவரோ, அவரிடம் நானே பேசுகிறேன். அன்றைக்கு உங்க ஊர் எப்படி இருக்கும், எதை முதலில் பார்க்கணும், எதைக் கடைசியில் பார்க்கணும் என்று கேட்கிறேன். அவர் ஒன்றை மாற்றச் சொன்னால், எதற்கு என்று கேட்காமல் போனை வைப்பதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, பிள்ளைங்களா. அன்றைக்குக் காலையில் கவர்மென்ட் மேல் பழி போட்டிருந்தால் எல்லோரும் நம்பியிருப்பார்கள். நம்பினதால் மத்தியானத்தைப் பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், நானும் சோமுவைக் கேட்டிருக்க முடியாது. ரெண்டரை மணிக்கு அந்தப் பொந்து தானாகத் திறந்து, ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு, வற்றிச் சேறாகியிருக்கும். நாங்கள் எங்கேயோ ஒரு பாறைக்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டிருந்திருப்போம்.