பேதுருவின் பகுதி

முல்லைத்தீவில் கடற்றொழில் செய்யும் சவிரிமுத்துவுக்குக் கணீரென்ற குரல். ஆனாலும் பெரிய வெள்ளிதோறும் கோவிலில் ஆளுக்கொரு பாத்திரமாக இயேசுவின் பாடுகளை வாசிக்கும்போது, பேதுருவின் பகுதியை மட்டும் அவர் தொடமாட்டார். தொண்டை சரியில்லை என்பார். பொய்.

இந்த வருடம் அவரே கேட்டு வாங்கினார். காணாமல் போன தம்பிக்காகப் பதினாறு வருடம் செபித்தும் கடவுள் வாய் திறக்கவில்லை என்று கோபித்திருந்தார். வாய் திறக்காதவர் தாம்தான் என்பது இந்தத் தவக்காலத்தில்தான் உறைத்தது.

பேதுருவுக்கு அதில் பெரிய வேலையில்லை. இயேசுவின் ஆளா என்று கேட்கும்போது இரண்டு தடவை "இல்லை" என்று மறுக்க வேண்டும், அவ்வளவுதான்; மூன்றாவது மறுப்பைக் கதை சொல்பவரே வாசித்துவிடுவார். முதலாவதைச் சொன்னார். இரண்டாவது வரவில்லை. வாசிக்கும் மேடையிலிருந்து இறங்கிப்போய், பெண்கள் பக்கம் இருந்த தம்பியின் மனைவி மெற்றில்டாவின் முன்னால் முழந்தாளிட்டார். கணவனின் படத்தோடு அவள் ஏறி இறங்காத அரசாங்கக் கந்தோர் இல்லை. கூடப் போனவரும் சவிரிமுத்துதான்.

"சோதனைச் சாவடியில தம்பியை மறிச்சவங்கள், மெற்றில்டா. இவன் உன்ர ஆளோ எண்டு என்னைக் கேட்டவங்கள். பயத்தில இல்லை எண்டிட்டன். அவனைக் கேக்க, அவனும் என்னைத் தெரியாதெண்டவன். என்னைக் காப்பாத்த."

வெளியே கடல் இரைந்தது.

"பேதுரு விடியமுன்னம் அழுதவர்," என்றாள் மெற்றில்டா. "நீங்கள் பதினாறு வருசம் எடுத்தனீங்கள்."

பிறகு, அவரிடமிருந்து கீழே விழுந்திருந்த வாசிப்புத் தாளை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"எழும்புங்கோ அண்ணை. மிச்சத்தையும் வாசியுங்கோ."